ஸ்கிராபிளில் செல்லும் விசித்திரமான ஆங்கில வார்த்தைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பலகையில் எழுத்துச் சில்லுகளை, அதாவது டைல்களை, அடுக்கி ஆங்கில வார்த்தை அமைக்கும் ஆட்டம் ஸ்கிராபிள். அதில் எதிராளி இரண்டே டைலை வைத்து 62 புள்ளி எடுத்துக்கொண்டு போனால், "இதெல்லாம் ஒரு வார்த்தையா?" என்று கேட்கத்தான் தோன்றும். ஸ்கிராபிள் ஆடத் தொடங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் இருக்கிறது. தேவையான இடத்தில் வார்த்தைகளை எழுத்தெழுத்தாகச் சொல்லியிருக்கிறேன். அதில் ‘டி’ என்றால் சி-க்கு அடுத்து வருவது, ‘டீ’ என்றால் எஸ்-க்கு அடுத்து வருவது.

இவை நிஜமாகவே ஆங்கில வார்த்தைகளா, இல்லை விளையாட்டுக்காகச் செய்தவையா?

நிஜ வார்த்தைகள்தான். அகராதியில் ஏறிய சொல்லுக்குத்தான் ஸ்கிராபிள் பட்டியலில் இடம் உண்டு. ஆனால் ஆங்கில அகராதி என்பது நாம் பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம் மட்டும் இல்லை. ஹவாய்த் தீவின் எரிமலைப் பாறை, வேல்ஸ் மலைப் பள்ளம், வியட்நாம் சில்லறைக் காசு, கிரேக்க எழுத்துகள், ஸ்காட்லாந்துக் கிராமத்துச் செல்லப் பெயர் என்று கண்டதெல்லாம் அதற்குள் கிடக்கிறது. பெரிய எழுத்தில் மட்டுமே எழுதப்படும் பெயர்கள், சுருக்கக் குறிகள், இடையில் கோடோ மேற்புள்ளியோ போட்டால்தான் எழுத முடிகிற சொற்கள் செல்லாது. மற்றபடி எவ்வளவு அபூர்வமான சொல்லாக இருந்தாலும், பட்டியலில் இருந்தால் சரி.

எந்தப் பட்டியலை வைத்து ஆட வேண்டும்?

இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் விளையாட்டின் உரிமை ஹாஸ்ப்ரோ நிறுவனத்திடம், மற்ற நாடுகளில் மாட்டெல் நிறுவனத்திடம். அதேபோல வார்த்தைகளும் பிரிந்து கிடக்கின்றன. வட அமெரிக்கப் பட்டியலில் சுமார் 1,96,000 வார்த்தைகள், உலகின் மற்ற பகுதிகளில் பயன்படும் காலின்ஸ் பட்டியலில் சுமார் 2,80,000. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா போட்டிகளில் காலின்ஸ்தான்.

வீட்டில் ஆடும்போது எது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் முதல் டைலைத் தொடுவதற்கு முன்னாலேயே பேசி முடித்துவிடுங்கள். நியூஜெர்சியிலிருந்து லீவுக்கு வந்த சித்தப்பா ஒரு பட்டியலும், கோயம்புத்தூர்ப் பிள்ளைகள் இன்னொரு பட்டியலும் வைத்துக்கொண்டு ஆடினால் சண்டை நிச்சயம்.

இவ்வளவையும் படிக்க முடியாது. எதிலிருந்து ஆரம்பிப்பது?

இரண்டெழுத்து வார்த்தைகளிலிருந்து. வட அமெரிக்கப் பட்டியலில் 107, காலின்ஸில் 127. பாதிக்கு மேல் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். மீதியை ஒரு வாரத்தில் படித்துவிடலாம். இதைத் தவிர வேறு எதையும் படிக்காமல் விட்டாலும் உங்கள் ஆட்டம் மாறிவிடும்.

காரணம் இதுதான். ஸ்கிராபிளில் புள்ளி குவிவது நீள வார்த்தையால் மட்டும் இல்லை. ஒரு வார்த்தைக்கு ஒட்டினாற்போல் இன்னொன்றை வைக்கும்போது இடையில் பிறக்கும் குட்டி வார்த்தைகள் ஒவ்வொன்றுக்கும் தனியாகப் புள்ளி உண்டு. முதலில் சொன்ன 62 புள்ளியையே எடுத்துக்கொள்வோம். பலகையில் குறுக்காக ‘டாக்சி’ இருக்கிறது. அதன் கடைசி எழுத்து ஐ. அந்த ஐ-க்கு நேர் மேலே மூன்று மடங்கு எழுத்துக் கட்டம் காலியாக இருக்கிறது. அதில் கியூவை வைத்து, கியூவுக்கு வலப்பக்கம் இன்னொரு ஐ வைத்தால், மேலிருந்து கீழாக ஒரு கியூ-ஐ, இடமிருந்து வலமாக ஒரு கியூ-ஐ. கியூவின் 10 புள்ளி மூன்று மடங்காகி 30. அதோடு ஐ-க்கு 1, ஆக 31. இரண்டு திசையிலும் அதே கணக்கு, மொத்தம் 62. கையிலிருந்து போனது இரண்டே டைல்.

இன்னொன்றையும் கையோடு தெரிந்துகொள்ளுங்கள்: வி எழுத்து உள்ள இரண்டெழுத்து வார்த்தை எந்தப் பட்டியலிலும் கிடையாது. சி-க்கு வட அமெரிக்காவில் ஒன்றுகூட இல்லை, காலின்ஸில் சி-எச் மட்டும் உண்டு. பலகையில் ஒரு பக்கத்தை எதிராளிக்கு அடைக்க நினைப்பவர்கள் அங்கே வி-யைக் கொண்டுபோய் வைப்பது இதனால்தான்.

கியூ வந்துவிட்டது, யூ இல்லை. என்ன செய்வது?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். நூறு டைல் உள்ள பெட்டியில் கியூ ஒன்றே ஒன்று, யூ நான்கு. யூ வரும் வரும் என்று கியூவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பவர் பெரும்பாலும் தோற்கிறார். ஆட்டம் முடியும்போது அது கையிலேயே மாட்டிக்கொண்டால் 20 புள்ளி வித்தியாசத்தில் அடி விழும்.

முதல் மருந்து மேலே சொன்ன கியூ-ஐ. ‘சீ’ என்று உச்சரிக்க வேண்டும். சீன மருத்துவத்திலும் தற்காப்புக் கலையிலும் உடம்பில் ஓடும் உயிர்ச் சக்தி, நாம் பிராணன் என்று சொல்வதற்குப் பக்கத்தில் வரும். அதே சொல்லைப் பழைய எழுத்துமுறையில் சி-எச்-ஐ என்றும், ஜப்பானிய வழியில் கே-ஐ என்றும் எழுதுவார்கள். மூன்றும் செல்லும். வட அமெரிக்கப் பட்டியலில் கியூ-ஐ ஏறியது 2006-இல்தான். அதற்கு முன் அங்கே ஆடியவர்கள் கியூ வந்தால் எப்படித் திண்டாடியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது ‘காத்’, கியூ-ஏ-டீ. ஏமன், எத்தியோப்பியா, சோமாலியா பக்கம் மென்று தின்னும் ஒரு செடியின் இலை, லேசான உற்சாகம் தரும். இதையே கே-ஏ-டீ என்றும் கே-எச்-ஏ-டீ என்றும் வைக்கலாம். ‘கனாத்’ என்பது ஈரானில் மலையடிவாரத் தண்ணீரைப் பூமிக்கடியில் சுரங்கம் வெட்டி ஊருக்குக் கொண்டுவரும் ஏற்பாடு. அந்தச் சுரங்கங்களை யுனெஸ்கோ 2016-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எழுத்துகள் கியூ-ஏ-என்-ஏ-டீ. ‘காப்பிக்’ அஜர்பைஜான் நாட்டுச் சில்லறை, நம் பைசாவைப் போல.

இதற்கப்புறம் வருபவை நமக்கு ஆங்கிலம் படிக்காமலேயே தெரிந்தவை. பக்கீர், காஜி, புர்கா, நிகாப், தலாக், கவ்வாலி. இவற்றையெல்லாம் ஆங்கிலத்தில் யூ இல்லாத கியூவோடு எழுதலாம். அரபியில் தொண்டையின் அடியிலிருந்து வரும் ஒரு எழுத்தை ஆங்கிலக்காரர்கள் கியூ என்று பெயர்த்ததால் வந்த வரம் இது. லண்டன்காரர் அகராதியைப் புரட்டிக் கற்றுக்கொள்ளும் வார்த்தை, நாகூரிலோ காயல்பட்டினத்திலோ வளர்ந்தவருக்குக் காதில் விழுந்து பழகியதாக இருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டலை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

கணினி விசைப்பலகையின் முதல் வரிசையில் இடமிருந்து வரும் ஆறு எழுத்துகளும் சேர்ந்து ஒரு வார்த்தையாகச் செல்லும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அர்த்தம் தெரியாமல் வைக்கலாமா?

தாராளமாக. விதி அர்த்தத்தைக் கேட்பதே இல்லை. நியூசிலாந்தில் பிறந்து மலேசியாவில் வசிக்கும் நைஜல் ரிச்சர்ட்ஸ் ஆங்கில ஸ்கிராபிளில் ஐந்து முறை உலகச் சாம்பியன். அவர் 2015-இல் பெல்ஜியத்தில் நடந்த பிரெஞ்சு மொழி உலகப் போட்டியில் ஜெயித்தார். பிரெஞ்சு பேசத் தெரியாது. சுமார் ஒன்பது வாரத்தில் பிரெஞ்சு வார்த்தைப் பட்டியலை மனதில் ஏற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தார், அவ்வளவுதான். 2024-இல் ஸ்பானிய மொழிப் போட்டியையும் அதேபோல வென்றார். தாய்லாந்திலிருந்தும் இரண்டு ஆங்கில உலகச் சாம்பியன்கள் வந்திருக்கிறார்கள், 2003-இலும் 2009-இலும். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதது ஸ்கிராபிளில் ஒரு குறையே இல்லை.

இருந்தாலும், நம்மைப் போன்ற சாதாரண மூளைக்காரர்கள் அர்த்தத்தையும் சேர்த்துப் படிப்பதுதான் லாபம் என்பது என் கட்சி. ஞாபகத்தில் நிற்கும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் எஸ். ஒரு வார்த்தையின் பின்னால் எஸ் ஒட்டலாமா கூடாதா என்பதில்தான் பாதி ஆட்டம் இருக்கிறது. பெயர்ச்சொல் என்று தெரிந்தால் பெரும்பாலும் எஸ் ஒட்டும், வினைச்சொல் என்றால் எஸ்ஸோடு இ-டியும் ஐ-என்-ஜியும் கூட வரும். கியூ-ஐ ஒரு பொருளின் பெயர், ஆகவே கியூ-ஐ-எஸ் சரி. கியூ-யூ-ஏ என்றொரு மூன்றெழுத்து இருக்கிறது, ‘என்ற முறையில்’ என்று அர்த்தம். அதற்கு ஏது பன்மை? எஸ் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். நாக்கைச் ‘ச்சு’ கொட்டுவதைக் குறிக்கும் டீ-எஸ்-கே ஒரு வினைச்சொல், எனவே அதற்கு இறந்தகாலமே உண்டு. கணக்கில் ‘இத்தனையாவது’ என்று பொதுவாகச் சொல்ல வரும் என்-டீ-எச் பெயரடை, அதற்கு எஸ் கிடையாது. பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்தவர் இந்த நாலையும் தனித்தனியாக ஞாபகம் வைக்க வேண்டும். அர்த்தம் தெரிந்தவருக்குத் தானாகவே வந்துவிடும்.

மொத்தப் பெட்டியில் எஸ் நாலே நாலுதான் இருக்கிறது. விளையாட்டைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் பட்ஸ் நியூயார்க்கைச் சேர்ந்த கட்டடக் கலைஞர். 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலை போன காலத்தில் செய்தித்தாள் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று உட்கார்ந்து எண்ணி, அதை வைத்து டைல்களின் எண்ணிக்கையை முடிவு செய்தார். ஆங்கிலத்தில் எஸ் அள்ளி வீசினாற்போல் கிடக்கும். ஆனால் பன்மை போட்டே எல்லோரும் ஜெயித்துவிடுவார்கள் என்று அதை மட்டும் வேண்டுமென்றே குறைத்தார். அதனால் ஒரு எஸ்ஸை ஐந்தாறு புள்ளிக்காகச் செலவழிக்காதீர்கள்.

இசட், எக்ஸ், ஜே வந்தால் கைகொடுக்கும் சின்ன வார்த்தைகள் எவை?

எக்ஸ்தான் இருப்பதிலேயே நல்ல டைல் என்று சொல்வேன். 8 புள்ளி, ஆனால் கோடரி, காளை, பழைய துணை என்று ஏ, ஓ, இ மூன்றோடும் பின்னால் ஒட்டும். முன்னால் வைக்க எக்ஸ்-ஐ, அது ஒரு கிரேக்க எழுத்து. எக்ஸ்-யூ என்பது வியட்நாமின் டாங் நாணயத்தில் நூறில் ஒரு பங்கு. இந்த ஐந்தும் தெரிந்தவர் கையில் எக்ஸ் ஒருநாளும் தங்காது.

இசட்டுக்கு இசட்-ஏ. அமெரிக்க இளசுகள் பீட்சாவைத் தலையை வெட்டிக் கூப்பிடும் பெயர், இதுவும் அங்கே 2006-இல் ஏறியது. காலின்ஸில் இசட்-ஓவும் உண்டு, திபெத்தில் யாக்கும் நாட்டு மாடும் கலந்து பிறக்கும் விலங்கு. அதே மாட்டை டி-இசட்-ஓ, இசட்-எச்-ஓ, டி-எஸ்-ஓ என்று இன்னும் பல விதமாக எழுதலாம். ஒரே மாடு இத்தனை வேஷம் கட்டுவது வேறெங்கும் கிடையாது! கைத்தொழில் செய்பவர்களின் கருவிப் பெட்டியிலும் இசட் கிடக்கிறது. கூரைக்குப் போடும் கற்பலகையைச் சீவி ஓட்டை போடும் கருவி இசட்-ஏ-எக்ஸ், மூன்றே எழுத்தில் 19 புள்ளி. நம் தச்சர்கள் வாச்சி என்று சொல்லும் கருவி ஏ-டி-இசட்-இ.

ஜே-க்கு ஜே-ஓ. ஸ்காட்லாந்தில் காதலன், காதலி, அன்புக்குரியவர் யாரையும் அழைப்பது. பன்மையில் இ-எஸ் சேரும்.

சிலருக்கு இசட் என்றாலே நான்கு இசட் வரும் ‘பிசாஸ்’ ஞாபகம் வரும், துள்ளலும் பகட்டும் என்று பொருள்படும் ஏழெழுத்து வார்த்தை. பட்டியலில் இருக்கிறது, ஆனால் பலகையில் வைக்கவே முடியாது. பெட்டியில் இசட் ஒன்று, எழுத்தில்லாத வெற்று டைல் இரண்டு, ஆக மூன்றுக்கு மேல் போகாது. குறட்டைச் சத்தமான மூன்று இசட்டை வைக்க முடியும். ஆனால் வெற்று டைலுக்குப் புள்ளி இல்லை என்பதால் கிடைப்பது பத்துதான். இரண்டு வெற்று டைலையும் அதில் கொட்டுகிறவரைக் கண்டால் ஆடக் கூப்பிடுங்கள், சுலபமாக ஜெயிக்கலாம்.

கை நிறைய உயிரெழுத்து. எப்படித் தள்ளுவது?

ஏ-ஏ: ஹவாயில் கரடுமுரடாக, காலைக் கிழிக்கிற மாதிரி இறுகிப்போன எரிமலைப் பாறை. ஏ-ஐ: தென் அமெரிக்காவின் மூன்று விரல் தேவாங்கு போன்ற சோம்பேறி விலங்கு, இப்போது எல்லோரும் பேசும் செயற்கை நுண்ணறிவு இல்லை. ஓ-இ: ஃபாரோ தீவுகளின் சுழற்காற்று. ஐந்தெழுத்தில் ஏ-ஏ-எல்-ஐ-ஐ இருக்கிறது, அதுவும் ஹவாய், ஒரு மரம். பூனை கத்தும் ‘மியாவ்’ என்பதை எம்-ஐ-ஏ-ஓ-யூ என்று எழுதினால் ஒரே மெய்யெழுத்தோடு நான்கு உயிரெழுத்து ஒழிந்தது.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது காலின்ஸில் உள்ள இ-யூ-ஓ-யூ-ஏ-இ. ஆறெழுத்து, ஒன்றுகூட மெய்யெழுத்து இல்லை. இடைக்கால ஐரோப்பியத் தேவாலயப் பாடல் ஏடுகளில், ‘செக்குலோரும் ஆமென்’ என்று முடியும் லத்தீன் வரியை எந்தச் சுரத்தில் பாட வேண்டும் என்று குறிக்க, அந்த வரியின் உயிரெழுத்துகளை மட்டும் பொறுக்கி எழுதிவைத்தார்கள். அந்தக் குறிப்பே ஒரு சொல்லாகிவிட்டது. கிடைப்பது ஆறு புள்ளிதான். ஆனாலும் அடுத்த முறை ஆறு புது டைல் எடுக்கலாமே.

ஆறேழு உயிரெழுத்து வந்தும் வழியில்லை என்றால் ஒரு முறையை விட்டுக்கொடுத்து டைல்களை மாற்றிக்கொள்ளுங்கள். பலர் கௌரவம் பார்த்து இதைச் செய்வதில்லை.

உயிரெழுத்தே இல்லாமல் வார்த்தை உண்டா?

உண்டு. பாதி வெறும் சத்தங்கள்: குளிரில் நடுங்குவது பி-ஆர்-ஆர், யோசிப்பது எச்-எம்-எம், பேசாதே என்பது எஸ்-எச்-எச். சில வேல்ஸிலிருந்து வந்தவை. வேல்ஷ் மொழியில் டபிள்யூ ஓர் உயிரெழுத்து, ‘ஊ’ என்று ஒலிக்கும். சி-டபிள்யூ-எம் என்றால் ‘கூம்’, பனிப்பாறை அரித்து உண்டாக்கிய கிண்ணம் மாதிரியான மலைப் பள்ளம். எவரெஸ்ட் ஏறுபவர்கள் கடக்கும் மேற்குப் பள்ளத்தாக்குக்கு இந்தச் சொல்லைச் சேர்த்துப் பெயர் வைத்தவர் ஜார்ஜ் மலோரி, 1921-இல். சி-ஆர்-டபிள்யூ-டீ-எச் என்றால் ‘க்ரூத்’, வில்லால் மீட்டும் பழைய நரம்பு வாத்தியம். இரண்டுக்கும் எஸ் ஒட்டும்.

காலின்ஸில் ஏன் இத்தனை ஸ்காட்லாந்து வார்த்தைகள்?

பிரிட்டனில் 2003 வரை ஸ்கிராபிள் பட்டியலுக்கு ஆதாரமாக இருந்தது சேம்பர்ஸ் அகராதி. அது எடின்பரோவில் வளர்ந்தது. சொந்த ஊர்ப் பேச்சையும் பழைய கவிதைகளின் எழுத்துக்கூட்டலையும் தாராளமாகச் சேர்த்துக்கொண்ட அகராதி. பின்னால் காலின்ஸ் வந்தும் பழையவை வெளியேறவில்லை. ‘போ’, ‘வைத்திரு’, ‘இல்லை’ போன்ற அன்றாடச் சொற்களுக்கெல்லாம் ஏ-இயில் முடியும் ஸ்காட்லாந்து வடிவம் உண்டு. எழுத்து நெருக்கடியில் அவை நன்றாக உதவும்.

தமிழிலிருந்து போன வார்த்தைகள் செல்லுமா?

செல்லும், நல்ல புள்ளியும் வரும். ஏழு டைலையும் ஒரே மூச்சில் வைத்தால் 50 புள்ளி கூடுதல் என்பது தெரிந்திருக்கும், அதற்குப் பிங்கோ என்று பெயர். சுருட்டிலிருந்து வந்த ‘செரூட்’ ஆங்கிலத்தில் சரியாக ஏழெழுத்து. வெட்டிவேரும் ஏழு: வி-இ-டீ-ஐ-வி-இ-ஆர். பெட்டியில் உள்ள இரண்டு வி-யும் உங்கள் கைக்கே வந்து, எல்லோரும் பரிதாபப்படும்போது நீங்கள் இதை வைத்து 50-ஐ அள்ளிக்கொண்டு போகலாம்.

கட்டுமரம் ஒன்பதெழுத்து. ஆங்கிலத்தில் இன்று அது இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது, நம் கடற்கரைக் கட்டுமரத்தை அல்ல. அணைக்கட்டு ஏ-என்-ஐ-சி-யூ-டீ. கல்லணையை ஆங்கிலத்தில் இன்றும் அந்தச் சொல்லோடுதான் குறிப்பிடுகிறார்கள். குருந்தக் கல் ஆங்கிலத்தில் ‘கொரண்டம்’, மாணிக்கமும் நீலமும் அந்த இனம்தான். மிளகுத் தண்ணீர் ‘மல்லிகடானி’யாகிப் பன்னிரண்டு எழுத்துக்கு வீங்கிவிட்டது. அதை வைக்க எவருக்கும் வாய்ப்பு வராது. கஞ்சி, கறி, தேக்கு மூன்றும் உண்டு.

சாப்பாட்டு மேசையிலிருந்து காலின்ஸுக்குப் போனவை இட்லி, தோசை, வடை. இட்லிக்குக் கடைசி எழுத்தாக ஐ போட்டால் நம் இட்லி. ஒய் போட்டாலும் செல்லும், ஆனால் அது ‘சோம்பலாக’ என்று பொருள்படும் வேறு சொல். சாம்பார் என்று நினைத்து எஸ்-ஏ-எம்-பி-ஏ-ஆர் வைத்தாலும் தப்பில்லை, அது கடமானின் பெயர். லட்சத்துக்கும் கோடிக்கும் ஆங்கில வடிவம் உண்டு, லுங்கிக்கும் உண்டு. ‘தமிழ்’ மட்டும் பெரிய எழுத்தில் மட்டுமே எழுதப்படும் பெயர் என்பதால் செல்லாது.

இல்லாத வார்த்தையைத் துணிந்து வைக்கலாமா?

வைக்கலாம், அது ஆட்டத்தின் ஒரு பகுதி. எதிராளி சேலஞ்ச் செய்யாவிட்டால், அதாவது ‘இப்படி ஒரு வார்த்தை உண்டா’ என்று ஆட்சேபிக்காவிட்டால், புள்ளி உங்களுக்கே. செய்தால் டைலைத் திரும்ப எடுத்துக்கொண்டு முறையை இழக்க வேண்டும். சேலஞ்ச் செய்து தோற்றவருக்கு என்ன தண்டனை என்பதில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம். வட அமெரிக்காவில் அவருடைய முறையே போய்விடும், அதனால் அங்கே பொய் வார்த்தைக்குத் துணிச்சல் அதிகம். காலின்ஸ் போட்டிகளில் வழக்கமாக 5 புள்ளி அபராதம்தான், சந்தேகம் வந்தால் கேட்டுவிடுவார்கள்.

விசித்திர வார்த்தைகளின் இன்னொரு உபயோகம் இதில்தான் இருக்கிறது. முகத்தில் எதையும் காட்டாமல் ஒரு க்ரூத்தை வைத்துப் பாருங்கள். புதிய எதிராளி கட்டாயம் சேலஞ்ச் செய்வார்.

ஒரே வார்த்தையில் எடுத்த அதிகப் புள்ளி எவ்வளவு?

போட்டியில் 392. 1982-இல் மான்செஸ்டரில் கார்ல் கோஷ்னாவ் வைத்த ‘காசீக்ஸ்’, மேற்கிந்தியத் தீவுகளின் பழங்குடித் தலைவர்கள் என்று அர்த்தம். எழுத்துகள் சி-ஏ-இசட்-ஐ-கியூ-யூ-இ-எஸ். இந்த எண் எப்படி வந்தது என்று போட்டுப் பார்க்கலாம். எட்டு எழுத்துகளின் கூட்டல் 28. விளிம்பில் இருக்கும் இரண்டு மூன்று-மடங்கு-வார்த்தைக் கட்டங்களையும் தொட்டுவிட்டால் ஒன்பது மடங்கு. இடையில் இருக்கும் இரு மடங்கு எழுத்துக் கட்டத்தில் கியூ விழுந்தால் 28 என்பது 38 ஆகும். 38-ஐ ஒன்பதால் பெருக்கினால் 342, பிங்கோ 50-ஐச் சேர்த்தால் 392.

அமெரிக்காவில் 2006-இல் மைக்கேல் கிரெஸ்டா என்பவர் ‘குவிக்சாட்ரி’ வைத்து 365 எடுத்தார். நடக்காத லட்சியத்தின் பின்னால் ஓடும் குணம் என்று பொருள். அந்த ஆட்டத்தில் அவருடைய மொத்தம் 830. இரண்டு வார்த்தையிலும் கியூ இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கியூவைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

2016 உலகப் போட்டியின் இறுதியில் பிரெட் ஸ்மிதரம் வைத்த ‘பிராகோனிட்’ 176 புள்ளி. அது ஒரு ஒட்டுண்ணிக் குளவி.

நீள வார்த்தைகளை எப்படி மனப்பாடம் செய்கிறார்கள்?

பட்டியலை ஏ-யிலிருந்து இசட் வரை யாரும் படிப்பதில்லை. அடிக்கடி கையில் சேரும் ஆறு எழுத்தைப் பிடித்துக்கொண்டு, ஏழாவதாக எது வந்தால் என்ன கிடைக்கும் என்று படிப்பார்கள். கண்ணின் விழித்திரைக்கான ‘ரெட்டினா’ இதற்குப் பேர்போனது. அதோடு ஜி வந்தால் ‘கிரானைட்’, சி வந்தால் ‘செர்ட்டன்’, கே வந்தால் தலைமுடியிலும் நகத்திலும் உள்ள ‘கெராட்டின்’, எம் வந்தால் பள்ளிவாசல் ‘மினரெட்’, யூ வந்தால் சிறுநீர் கழிப்பது, எச் வந்தால் கொண்டை வலை. எல்லாம் தெரிந்த வார்த்தைகள்தான், கலைந்து கிடக்கும்போது கண்ணில் படாததுதான் பிரச்சினை.

அதற்குப் பயிற்சி, எழுத்துகளை அகர வரிசையில் அடுக்கிப் பார்த்து வார்த்தையைச் சொல்வது. ‘சிசிவா’ என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. தென் அமெரிக்க வண்டு ஒன்றின் பெயர் அது, மூன்று இசட் உள்ள வார்த்தை. ஆடிய ஆட்டத்தை அலசிப் பார்க்க ‘குவாக்கிள்’ இருக்கிறது. பலகையில் எதை வைத்தீர்கள் என்பதைவிடக் கையில் எதை மிச்சம் வைத்தீர்கள் என்று அது சொல்லிக் கொடுப்பதுதான் பெரிய பாடம்.

புது வார்த்தைகள் சேர்ந்துகொண்டே இருக்குமா?

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சேரும். தினமும் நாம் சொல்லும் ‘ஓகே’ இரண்டெழுத்து வடிவில் அமெரிக்காவில் 2018 வரையும் காலின்ஸில் 2019 வரையும் செல்லாது என்பதை நிறையப் பேர் நம்ப மறுக்கிறார்கள். அருவருப்பில் சொல்லும் இ-டபிள்யூவும் அப்போதுதான் வந்தது. நீக்குவதும் உண்டு. இனம் முதலியவற்றை இழிவுபடுத்தும் சொற்களை 2020-க்குப் பிறகு இரண்டு பக்கத்திலும் நூற்றுக்கணக்கில் எடுத்தார்கள். புள்ளிக்காக அவற்றைக் கேட்டு அழுதவர்களும் இருந்தார்கள், என் பார்வையில் போனது நல்லதுதான்.

‘வேர்டில்’ என்ற வார்த்தை ஊகிக்கும் இணைய விளையாட்டை ஆட இவை உதவுமா?

பெரிதாக உதவாது. வேர்டில் நீங்கள் ஊகிக்கும் வார்த்தையாக பத்தாயிரத்துக்கும் அதிகமான ஐந்தெழுத்துச் சொற்களை ஏற்றுக்கொள்கிறது, ஆனால் விடையாக வருபவை எல்லோருக்கும் தெரிந்த 2,300-ஐ ஒட்டிய சொற்கள்தான். ஹவாய் மரத்தை முதல் ஊகமாகப் போடலாம், விடையாக எதிர்பார்க்கக் கூடாது. ஸ்கிராபிள் போன்ற ‘வேர்ட்ஸ் வித் ஃப்ரெண்ட்ஸ்’ செயலியை ஆடுபவர்களுக்குப் பெரும்பாலானவை செல்லும். அதற்குத் தனிப் பட்டியல், டைல் மதிப்பும் வேறு. தவறான வார்த்தையை வைத்தால் செயலியே ஏற்காது, அபராதமும் இல்லை. அதனால் சந்தேகம் இருந்தால் வைத்துப் பார்த்துவிட வேண்டியதுதான்.